உலைக்களமும் உயிர்ச்சொல்லும்
(தமிழ்மன்ற ஆண்டுவிழாவில் ஆற்றிய உரை)



கொல்லன் பட்டறையில் ஈக்கு என்ன வேலை என்பது பழமொழி. தமிழாசிரியனுக்கு மட்டும் அங்கே என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். எனக்குரிய வேலை அங்கேதான் மிகுதியாகக் கிடக்கிறது என்று சொல்லவே வந்தேன். குறைந்த செலவில் ஓர் உலைக்களத்தை நாமே அமைப்பது எங்ஙனம், அதனை ஒரு தமிழ்மன்றம் ஏன் அமைக்க வேண்டும் என்னும் இரண்டையும் கூறி அமைவேன்.

திருக்குறளில் கூடாநட்பின் முதற்குறள், 821ஆம் குறள், உள்ளம் ஒன்றாதார் நட்பைப் பட்டடைக்கு ஒப்பிடுகிறது. பட்டடை என்பது கொல்லன் இரும்பை வைத்து அடிக்கும் அடைகல். அது இரும்பைக் கீழிருந்து தாங்குவதுபோல் தோன்றும். ஆனால், சம்மட்டி ஓங்கி விழும்போது அவ்வடிக்குத் துணைபோவதும் அதுவே. இவ்வுவமையின் கூர்மை, அடைகல்லைக் கண்ணால் கண்டவனுக்கு நொடியில் விளங்கும். காணாத மாணவனுக்கு நான் எத்துணை உரை சொன்னாலும் அது மனப்பாடச் செய்தியாகவே நின்றுவிடுகிறது. பொருள் மறைந்தால் சொல் மறைகிறது. சொல் மறைந்தால் நூலும் பாதி மறைகிறது.

இரும்புத்தொழில் நமக்கு நேற்று வந்ததன்று. தமிழ்நாட்டரசு 2025 சனவரித் திங்களில் வெளியிட்ட 'இரும்பின் தொன்மை' என்னும் ஆய்வறிக்கை, பொருநையாற்றங்கரை நாட்டுச் சிவகளையில் கிடைத்த சான்றுகளைக் கொண்டு, இரும்பின் காலத்தைக் கி.மு. 3345 வரை கொண்டுசெல்கிறது. கொங்கு நாட்டுக் கொடுமணலிலோ இரும்புருக்கு உலைகளே அகழ்ந்து காணப்பட்டன. நம் மாவட்டத்து உதயகிரிக் கோட்டையில் 18ஆம் நூற்றாண்டில் பீரங்கி வார்க்கும் சாலை நடந்தது. அவ்வேந்தன் போனான், அச்சாலையும் போயிற்று. ஊர்க்கொல்லனின் சிற்றுலையோ அதன்பின்னும் நெடுங்காலம் எரிந்தது. ஏனெனில் அது கொழுவும் கதிரரிவாளும் மண்வெட்டியும் பனையேறியின் பாளையரிவாளும் வடித்தது. அறுவடைக் களத்தில் அவனுக்கு நெல்லளந்து கொடுத்து ஊர் அவனைத் தாங்கியது. உழுபொறியும் அறுப்புப்பொறியும் வந்தபின் அவ்வுலைகள் ஒவ்வொன்றாய் அணைந்தன.

இனி உலை அமைக்கும் முறையைக் கேளுங்கள். பழஞ்செங்கல்லை மூன்று பக்கமும் இடுப்புயரத்திற்கு அடுக்கி, நடுவை மண்ணிட்டு நிரப்புங்கள். மேலே ஓரடி அகலத்தில் ஒரு குழி விட்டு, களிமண்ணும் மணலும் சாம்பலும் பிசைந்து அதற்குப் பூச்சிடுங்கள். குழியின் அடியிலிருந்து நான்கு விரல் உயரத்தில், பக்கச் சுவர் வழியாக ஓரங்குல இரும்புக்குழாய் ஒன்று உள்ளே வரட்டும். அதுவே உலைமூக்கு. துத்தநாகம் பூசிய குழாய் ஆகாது. சூடேறினால் நச்சுப்புகை விடும். பூச்சு நன்றாக உலர்ந்தபின், முதலிரு நாள் சிறுதீ மட்டுமே மூட்டுங்கள். ஈரம் ஆவியானால் மண் வெடித்துத் தெறிக்கும். ஆற்றுக் கூழாங்கல்லையும் சிமெண்டுப் பூச்சையும் தீயருகில் விலக்குவதும் இதனாலேயே.

காற்றுக்கு ஆட்டுத்தோல் துருத்திதான் வேண்டும் என்பதில்லை. பழைய மிதிவண்டிச் சக்கரத்தோடு வார் பூட்டிச் சுழற்றும் ஊதியே போதும். எரிபொருளுக்கு நாம் எங்கும் அலைய வேண்டா. நம் வீட்டுக் கொல்லையில் கிடக்கும் சிரட்டையைக் கரியாக்கினால், அது நல்ல வெப்பம் தரும், சாம்பலும் குறைவு. உலைமூக்குக்கு மேல் அரையடி உயரத்திற்குக் கரி நிற்க வேண்டும்.

அடைகல்லைப் புதிதாக வாங்கின் பெரும்பொருள் செலவாகும். பழைய இரும்புக் கடையில், முறையான விலைச்சீட்டோடு, தண்டவாளத் துண்டு ஒன்றரையடி வாங்குங்கள். மீட்டருக்கு 52 கிலோ உள்ள தண்டவாளமாயின் அத்துண்டு ஏறத்தாழ 24 கிலோ இருக்கும். அதனைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி நட்டால், முழு எடையும் சம்மட்டியின் நேர்கீழே நிற்கும், அடி வீணாகாது. மரக்கட்டையில் குழிதோண்டி அசையாமல் இறுக்குங்கள். நீங்கள் கைதொங்கவிட்டு நிற்கும்போது உங்கள் முட்டி தொடும் உயரமே அதற்கு அளவு.

சரக்குந்தின் பழைய வில்பட்டை, வெட்டுக்கத்திக்கு ஏற்ற எஃகு. அது செம்மஞ்சளாய்ப் பழுத்தபோது அடியுங்கள். கருஞ்சிவப்புக்கு இறங்கியதும் நிறுத்துங்கள். வெண்மையாகிப் பொறி பறந்தால் எஃகு எரிகிறது என்று பொருள். வடித்தபின், காந்தம் ஒட்டாத அளவு காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் கடினமாகும். ஆனால் கண்ணாடிபோல் உடையும். ஆதலால் துலக்கிய பரப்பில் வைக்கோல்நிறம் தோன்றும்வரை மீண்டும் இளஞ்சூட்டில் வாட்டுக. வன்மையோடு தாங்கும் திறமும் சேர்வதே தோய்ச்சலின் நுட்பம்.

திறந்த வெளியில் மட்டும் உலை மூட்டுங்கள். அடைத்த அறையில் கரிப்புகை ஆளைக் கொல்லும். கண்ணுக்குக் காப்பு அணியுங்கள். மாணவர் மட்டும் தனியே உலைமுன் நிற்றல் கூடாது.

இம்முறையை நான் சொன்னேன். ஆனால் பழுத்த நிறத்தை நொடியில் மதிக்கும் கண் எனக்கில்லை. அது முதிய கொல்லரிடம் உண்டு, ஏட்டில் இல்லை. அவரை நம் மன்றத்துக்கு ஆசிரியராக அழைப்போம், மேடையில் அமர்த்துவோம், உரிய ஊதியமும் அளிப்போம். கைத்தொழிலைத் தாழ்வென எண்ணும் நோய் நம்மிடம் இருக்கும்வரை, தமிழ்ப்பற்று என்பது வாய்ப்பேச்சே. புறநானூற்றின் 312ஆம் பாட்டு, ஈன்ற தாய், தந்தை, வேந்தன் ஆகியோர் கடமைகளோடு கொல்லன் கடமையையும் ஒருவரிசையில் வைத்ததை மறவாதீர்கள்.

அவர் உலையருகில் நிற்கும்போது, மாணவர் இருவர் ஏட்டுடன் அமரட்டும். குறடு, கிட்டம், உலைமூக்கு, தோய்ச்சல் என்று அவர் வாயில் வரும் சொல்லையெல்லாம் பொருளோடு எழுதட்டும். 'வெட்டோத்தி' என்று அவர் சொன்னால் நகைக்காதீர்கள். வெட்டுக்கத்தியே நாஞ்சில் நாவில் அவ்வாறு உருண்டு நிற்கிறது. புதுப்பொறிகளுக்குத் தமிழ்ச்சொல் இல்லையென்று வருந்துகிறோம். இருக்கும் சொற்களை முதியவர்களோடு சுடுகாட்டுக்கு அனுப்பிவிட்டு எங்கிருந்து புதுச்சொல் படைப்பது?

பெருநிதி வேண்டா. செங்கல்லும் மண்ணும் சிரட்டையும் தண்டவாளத் துண்டும் போதும். காலந்தான் குறைவு. அடுத்த ஆண்டுவிழாவில் மாலைக்கு மாற்றாக, நம் உலையில் வடித்த ஒரு கதிரரிவாளையும், நம் மாணவர் தொகுத்த ஒரு சொல்லேட்டையும் இம்மேடையில் வைப்போம்.

வாழ்க தமிழ்! வளர்க தொழில்!