தரை துடைக்கவும் தைலம்

ஊட்டியில் டிசம்பர், ஜனவரி என்றால் உறைபனி. காற்றில்லாத தெளிந்த இரவுகளில் குளிர்காற்று கனத்துப் பள்ளத்தில் இறங்கும். அதனால்தான் விடிகாலை நடையில் தலைக்குந்தா, காந்தல் புல்வெளிகள் வெளுத்துக் கிடக்கும். மேட்டுச் சரிவு பச்சையாகவே இருக்கும்.

வழியெல்லாம் மூக்கில் ஏறுவது கற்பூர மர வாசம். 1843-இல் வந்த ஆஸ்திரேலிய மரம். தண்ணீரை உறிஞ்சுகிறது என்று ஏச்சு வாங்கினாலும், அதன் இலையை ஆவியில் வடிக்கும் நீலகிரித் தைலத்தை யாரும் விட்டபாடில்லை. சளிக்கு மட்டுமா? தரை துடைக்கும் தண்ணீரில் சேர்த்தால் ஈர வாடை மட்டுப்படும். தைலம் நீரில் கரையாது, மிதக்கும்; முதலில் சோப்புக் கரைசலில் கலக்குங்கள். சில சொட்டுகளே போதும். பாட்டிலைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள், விழுங்கினால் ஆபத்து.