ஞானப்பல்: எடுப்பதா, விடுவதா?

(நமது மஹல்லாவில் நடைபெற்ற பல் மருத்துவ முகாமை முன்னிட்டு, ஜும்ஆத் தொழுகைக்குப் பின் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



 

பள்ளிவாசல் இமாம் பல்லைப் பற்றிப் பேச வருவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். பல்வலிக்காரர்கள் நம்மிடம் வராமல் இல்லை. பல் பிடுங்கினால் நோன்பு முறியுமா, ஈறில் இரத்தம் கசிந்தால் உளூ முறியுமா என்று மஸ்அலா கேட்டு வருகின்றார்கள். அந்தப் பல்லைப் பிடுங்கத்தான் வேண்டுமா என்ற முதற் கேள்வியை மட்டும் யாரும் உரிய இடத்தில் கேட்பதில்லை. தேநீர்க் கடையில் கேட்கின்றார்கள், மருந்துக்கடையில் கேட்கின்றார்கள், சென்ற ஆண்டு பல் பிடுங்கிய மச்சானிடம் கேட்கின்றார்கள். ஒருவர் "உடனே எடுத்துவிடு" என்கின்றார், மற்றவர் "தொட்டால் கண் போய்விடும்" என்கின்றார். இரண்டுக்கும் நடுவில் கன்னம் வீங்கி விடுகின்றது. ஆகவே, மருத்துவர்களிடம் கேட்டும் நூல்களில் பார்த்தும் தெளிந்தவற்றை உங்கள் முன் வைக்கின்றோம்.

வாயின் கடைசியில், மேலும் கீழும், வலமும் இடமுமாக முளைக்கும் நான்கு பற்களையே ஞானப்பல் என்கின்றோம். அரபியில் இதற்கு 'ளிர்ஸுல் அக்ல்', அதாவது 'அறிவின் கடைவாய்ப்பல்' என்று பெயர். மலாய் மொழியில் 'கிகி பொங்சு' என்பார்கள். மலேசியாவில் பிழைத்து வந்த நம்மவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கடைக்குட்டிப் பல் என்பது அதன் பொருள். நமக்கு இந்தப் பெயரே மிகவும் பிடித்திருக்கின்றது. ஏனெனில், நோயின் மூலமே இந்தப் பெயருக்குள் அடங்கியிருக்கின்றது. மற்றப் பற்களெல்லாம் முளைத்துத் தத்தமக்கு இடம் பிடித்துக் கொண்ட பின்னர், பெரும்பாலும் 17 வயதிலிருந்து 25 வயதுக்குள் இது வருகின்றது. மூத்தவர்கள் பாய் விரித்துப் படுத்துவிட்ட வீட்டில், கடைசியாக வந்தவனுக்குப் படுக்க இடமில்லாத நிலைதான். இடமிருந்தால் நேராக முளைத்து மற்றப் பற்களைப் போலவே மென்று தரும். இடமில்லையென்றால் பாதி முளைத்து நிற்கும். முன்பல்லின் மீது சாய்ந்து கிடக்கும். சிலருக்கு எலும்புக்குள்ளேயே படுத்துவிடும். சிலருக்கு நான்கும் முளைப்பதில்லை. பிறவியிலேயே ஒன்றிரண்டு இல்லாதவர்களும் உண்டு. அவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

அதிகத் தொல்லை தருவது பாதி முளைத்த கீழ்ப்பல்தான். அதன் மேல் ஈறு ஒரு மூடியைப் போலப் படர்ந்திருக்கும். அந்த மூடிக்கும் பல்லுக்கும் இடையே சோற்றுப் பருக்கையும் இறைச்சி நாரும் நுழைந்து தங்கிவிடும். பிரஷ் அங்கே எட்டாது. கிருமிகள் பெருகி ஈறு வீங்கும். வீங்கிய ஈறை மேல்பல் ஒவ்வொரு கடியிலும் குத்தும். குத்தக் குத்த இன்னும் வீங்கும். காது வரை வலிக்கும். வாயில் கெட்ட சுவையும் நாற்றமும் இருக்கும். வாய் முழுவதும் திறக்க வராது. நான்கு நாட்களில் அடங்கிவிடும். இரண்டு மாதம் கழித்து மீண்டும் வரும். "போய்விட்டது" என்று நாம் மகிழும் அந்த இடைவெளியிலும் மூல காரணம் அங்கேயேதான் இருக்கின்றது.

இந்த நிலையில் இளஞ்சூடான உப்பு நீரால் அடிக்கடி கொப்பளிப்பது நல்லது. மருத்துவர் அந்த ஈற்று மூடிக்கு அடியில் நீர் பீய்ச்சிக் கழுவி விடுவார். பல நேரங்களில் அதுவே போதுமானதாகிவிடும். கிராம்புத் தைலம் சற்று நேரம் மரத்துப் போகச் செய்யும் என்பது உண்மை. ஆனால் பஞ்சில் தோய்த்து இரவெல்லாம் அடக்கி வைத்தால் ஈறு வெந்துவிடும். மருந்துக்கடையில் நான்கு ஆன்டிபயாடிக் மாத்திரைகளை வாங்கி, வலி நின்றதும் இரண்டை அலமாரியில் போட்டு வைக்கும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். ஆன்டிபயாடிக் மாத்திரை பல்லுக்கு இடம் உண்டாக்கித் தராது. காய்ச்சல் இருந்தாலோ, வீக்கம் பரவினாலோதான் அது தேவைப்படும். அதையும் மருத்துவர் சொல்லித்தான் உட்கொள்ள வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கின்றது. வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கம் இறங்கினாலோ, நாக்கின் அடிப்பகுதி தடித்து மேலே எழும்பினாலோ, எச்சில் விழுங்க முடியாமல் போனாலோ, மூச்சு விடச் சிரமப்பட்டாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த இரவிலேயே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்ல வேண்டும். பல்லில் தோன்றிய சீழ் மூச்சுக் குழலை நெருக்கி உயிரைப் பறித்துவிடக் கூடும். பல்வலிதானே என்ற அலட்சியம் ஒரு குடும்பத்தின் தலைவனையே கொண்டு போய்விடும்.

இன்னொன்று. வாய் திறக்க முடியாததற்கெல்லாம் ஞானப்பல்லே காரணம் என்று எண்ணிவிட வேண்டாம். பாக்கு, பான் மசாலா மெல்லுகின்றவர்களுக்கு, வலியே இல்லாமல் கன்னத்தின் உட்புறம் வெளுத்து இறுகி, நாளடைவில் மூன்று விரல் நுழையாத அளவுக்கு வாய் குறுகிவிடும். அது தனி நோய். சிலருக்கு அது புற்றுநோயில் போய் முடியும். அத்தகையவர்கள் பல்லைப் பிடுங்கினால் வாய் திறந்துவிடும் என்று நம்பிக் காலம் கடத்தாமல், அதையும் சேர்த்து மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சரி, எடுப்பதா, விடுவதா?

மருத்துவ உலகிலேயே இதில் கருத்து வேறுபாடு உண்டு. மத்ஹபுகளைப் போல என்று சொன்னால் உங்களுக்குப் புரியும். இங்கிலாந்தில் அரசு சார்ந்த 'நைஸ்' என்னும் அமைப்பு 2000ஆம் ஆண்டில் ஒரு வழிகாட்டலை வெளியிட்டது. நோயில்லாத ஞானப்பல்லை வருமுன் காப்பது என்ற பெயரில் எடுக்க வேண்டாம் என்பதே அதன் சாரம். ஈறு வீக்கம் முதன்முறை வந்தால், அது மிகக் கடுமையாக இருந்தாலன்றிப் பல்லை எடுக்க அது காரணமாகாது. மறுமுறையும் வந்தால் எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்றும் அது கூறியது. அமெரிக்காவிலோ, வாலிப வயதிலேயே எடுத்துவிடும் வழக்கம் பரவலாக இருக்கின்றது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் குழுவினர், தொல்லை தராத ஞானப்பல்லை எடுப்பதே நல்லது என்றோ, விடுவதே நல்லது என்றோ உறுதிப்படுத்தப் போதிய சான்று இல்லை என்று 2020ஆம் ஆண்டிலும் எழுதியிருக்கின்றார்கள். அதேவேளை, இங்கிலாந்தின் வழிகாட்டலுக்குப் பின்னர், காத்திருந்தவர்களில் பலருக்கு ஞானப்பல்லுக்கு முன்னுள்ள நல்ல பல்லும் சொத்தையாகிப் போனதை அந்நாட்டு மருத்துவர்களே சுட்டிக்காட்டியிருக்கின்றார்கள்.

ஆகவே, நோய் இருக்கின்றதா இல்லையா என்பதே முதற் கேள்வி. நேராக முளைத்து, துலக்க எட்டி, தொல்லை தராமல் இருக்கும் பல் இருந்துவிட்டுப் போகட்டும். வலி இல்லை என்பதாலேயே நோய் இல்லை என்றாகிவிடாது. எனவே ஆண்டுக்கொரு முறையேனும் காட்டிக் கொள்ள வேண்டும். நிரப்ப முடியாத அளவுக்குச் சொத்தையான பல், திரும்பத் திரும்ப ஈறு வீங்கும் பல், சீழ் கட்டிய பல், நீர்க்கட்டி உண்டாக்கிய பல், முன்பல்லை அரிக்கின்ற பல் ஆகியவற்றை எடுத்துவிடுவதே முறை.

முன்பக்கம் சாய்ந்து கிடக்கும் கீழ்ப்பல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது முன்னுள்ள பல்லின் முதுகில் முட்டிக் கொண்டிருக்கும். அந்தச் சந்தில் தங்கும் உணவு, வலி தெரியாமலேயே முன்பல்லை அரிக்கும். அது நாம் நாள்தோறும் மெல்லுவதற்கு நம்பியிருக்கும் பல். பயனில்லாத ஒன்றைக் காக்கப் போய்ப் பயனுள்ள ஒன்றையும் சேர்த்து இழப்பது எந்த வியாபாரத்தில் இலாபம்? இத்தகைய பல் இருப்பதாக எக்ஸ்ரேயில் தெரிந்தால், தள்ளிப் போடுவதை நாம் சரியென்று கருதவில்லை.

வயதும் இதில் ஒரு கணக்கு. இருபதுகளில் எலும்பு இளகியிருக்கும், காயமும் விரைவில் ஆறும். வயது ஏற ஏற எலும்பு இறுகி, வேலை கடினமாகும். துபாய்க்கோ, சவூதிக்கோ புறப்படும் வாலிபர்கள், விசா வந்த பின் பெட்டி கட்டுவதற்கு முன்பாகவே ஒருமுறை பல்லைக் காட்டிவிட்டுச் செல்வது நலம். அங்கே போய்ப் பாதிச் சம்பளத்தை மருத்துவருக்குக் கொடுத்துவிட்டு, ஊரில் இருக்கும்போதே பார்த்திருக்கலாமே என்று வருந்துவதில் பயனில்லை.

எடுப்பதில் ஆபத்தே இல்லை என்றும் சொல்ல மாட்டோம். கீழ்த்தாடை எலும்புக்குள் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு ஓடுகின்றது. நாக்குக்குச் செல்லும் நரம்பும் அருகிலேயே இருக்கின்றது. வேர் அந்நரம்பை ஒட்டியிருந்தால், பல்லை எடுத்தபின் உதடு மரத்துப் போகலாம். பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். நிரந்தரமாக நிற்பது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஆகவேதான், தாடை முழுவதையும் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே எடுக்கின்றார்கள். நரம்பு மிக அருகில் இருந்தால், வேரை விட்டுவிட்டு மேற்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும் முறையும் உண்டு. "வேர் நரம்புக்கு எவ்வளவு அருகில் இருக்கின்றது? எடுக்காவிட்டால் என்ன ஆகும்?" என்ற இரு கேள்விகளையும் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். நல்ல மருத்துவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

மேல்பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போய்விடும் என்ற பேச்சு நம் வீடுகளில் இன்னும் ஓயவில்லை. பார்வைக்கான நரம்பு வேறு, பல்லின் நரம்பு வேறு. அறிவு குறைந்துவிடும் என்போரும் இருக்கின்றனர்; பல் இருந்த காலத்தில் அவர்களுக்கு எவ்வளவு இருந்தது என்று நாம் கேட்கப் போவதில்லை. ஞானப்பல் தள்ளித்தான் முன்பற்கள் கோணலாகின்றன என்பதற்கும் தக்க சான்று இல்லை. அதை மட்டும் காரணம் காட்டிப் பெண்பிள்ளைகளுக்கு நல்ல பற்களை எடுக்க வேண்டியதில்லை.

பல் எடுக்கச் செல்பவர்கள், தாங்கள் உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் சொல்ல வேண்டும். இதய நோய்க்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்றவற்றை உட்கொள்பவர்கள் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. அது பல்லை விடப் பெரிய ஆபத்து. எலும்புத் தேய்மானத்திற்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்களும் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு நடு மாதங்கள் ஏற்றவை. ஆனால் சீழும் காய்ச்சலும் இருந்தால் எந்த மாதமானாலும் மருத்துவரிடம் சென்றாக வேண்டும்.

இனி, நம்மிடம் கேட்கப்படும் மஸ்அலாக்களுக்கு வருவோம். பல் எடுத்த குழியில் உறையும் இரத்தமே இயற்கையின் கட்டு. அது பெயர்ந்துவிட்டால் எலும்பு வெளியே தெரிந்து, மூன்றாம் நான்காம் நாளில் முன்னிலும் கடுமையான வலி வரும். எனவே முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கக் கூடாது, காறித் துப்பக் கூடாது, ஸ்ட்ராவால் உறிஞ்சக் கூடாது. புகைப்பதோ பல நாட்களுக்குக் கூடாது. அடியோடு விட்டுவிட இதுவே நல்ல தருணம். நம்மவர்களோ பேணுதலின் காரணமாக, பல் எடுத்த அன்றும் ஐந்து வேளை உளூவிலும் மும்மூன்று முறை வேகமாகக் கொப்பளித்துத் துப்பி விடுகின்றார்கள். ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளிலும் உளூவில் வாய் கொப்பளிப்பது சுன்னத்தேயாகும். தீங்கு நேருமென்றால் அன்று விட்டுவிடலாம், உளூ நிறைவேறிவிடும். ஹனஃபீ மத்ஹபில் கடமையான குளிப்பில் வாய்க்குள் நீர் செல்வது ஃபர்ளு. அங்கும் வேகமாகக் கொப்பளிப்பது நிபந்தனையன்று. நீரை எடுத்துத் தலையைச் சாய்த்து மெல்ல வழியவிட்டால் போதும். அதுவும் கூடாதென மருத்துவர் தடுத்தால் இயலாதோருக்குரிய சலுகை உண்டு.

இரத்தத்தைப் பொறுத்தவரை, ஷாஃபிஈ மத்ஹபில் அதனால் உளூ முறியாது. வாயிலுள்ள இரத்தத்தைத் தூய்மை செய்தால் போதும். ஹனஃபீ மத்ஹபில் எச்சிலை விட இரத்தம் மிகைத்திருந்தால் உளூ முறியும். நோன்பைப் பொறுத்தவரை, பல் எடுப்பதாலோ ஈறில் மரத்துப்போகும் ஊசி போடுவதாலோ நோன்பு முறியாது என்பதே இக்காலப் பெரும்பாலான உலமாக்களின் கருத்து. ஆனால் இரத்தமோ மருந்தோ தொண்டைக்குள் இறங்கிவிடக் கூடாது. ஆகவே இயன்றால் இஃப்தாருக்குப் பின் வைத்துக் கொள்ளுங்கள். நோய் கடுமையாகி மாத்திரையின்றி முடியாதென்றால், நோன்பை விட்டுவிட்டுப் பின்னர் களாச் செய்யலாம். ரமளான் முடியட்டும் என்று சீழை வளர்க்க யாரும் நம்மைப் பணிக்கவில்லை.

பல் எடுத்தவுடன் வைக்கும் பஞ்சை அரை மணி நேரம் இறுகக் கடித்திருக்க வேண்டும். அன்று கன்னத்தின் வெளியே பனிக்கட்டி ஒற்றடம் கொடுக்கலாம். மறுநாள் முதல் மெல்ல உப்பு நீர். ஆறிய கஞ்சி உத்தமம். மிஸ்வாக்கை மற்றப் பற்களில் பயன்படுத்தலாம். காயத்தின் பக்கம் சில நாட்களுக்குக் கொண்டு செல்ல வேண்டாம்.

பணமில்லை என்பதற்காக எவரும் வலியோடு கிடக்க வேண்டியதில்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கின்றது. சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கின்றது. 2023ஆம் ஆண்டில் புதுக்கோட்டையிலும் ஒன்று திறக்கப்பட்டது.

நமது முகாமில் இன்று பரிசோதனை மட்டுமே நடைபெறும். பல் எடுக்கப்பட மாட்டாது. எக்ஸ்ரே தேவைப்படுவோருக்குச் சீட்டு எழுதித் தருவார்கள். ஆண்கள் மதரஸாவின் முன்கூடத்திலும், பெண்கள் பின்வாசல் வழியாக மாடியிலும் அமர வேண்டும். பழைய மருந்துச் சீட்டுகளையும் சர்க்கரைப் பரிசோதனைத் தாளையும் மறவாமல் எடுத்து வாருங்கள். முதலில் வயதானவர்களுக்கு வழிவிடுங்கள். வஸ்ஸலாம்.