வெடிமருந்துக்குள் இருந்த வேதியியல்

படித்த வேதியியல் எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்ற கேள்வி உங்களில் பலருக்கு இருக்கும். அதற்கு டுபாண்ட் நிறுவனத்தின் வரலாற்றைப் படிக்கச் சொல்வேன். வேதியியலறிஞர் லவாய்சியரிடம் பயின்ற எல்யூதேர் இரேனே டு பாண்ட் 1802இல் அமெரிக்காவின் டெலவேரில், பிராண்டிவைன் ஓடைக்கரையில் தொடங்கியது வெடிமருந்து ஆலை. நூறாண்டுக்கு மேல் வெடிமருந்துதான் அதற்குச் சோறு போட்டது. அங்கிருந்து அது நைலானுக்கு வந்ததைப் பெரும் தாவல் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பஞ்சை நைட்ரிக், கந்தக அமிலக் கலவையில் ஊறவைத்தால் நைட்ரோசெல்லுலோஸ் கிடைக்கும். நைட்ரஜன் மிகுந்தால் அது புகையில்லா வெடிமருந்து. சற்றுக் குறைந்தால் செயற்கைத் தோலாகவும் திரைப்படச் சுருளாகவும் பெயிண்டாகவும் அதை மாற்றலாம். 1910இல் ஃபேப்ரிகாய்டு என்ற செயற்கைத் தோல் நிறுவனத்தை டுபாண்ட் வாங்கியதும், 1923இல் டியூகோ பூச்சு வந்து கார்களுக்கு வண்ணம் பூசும் வாரக்கணக்கான வேலையைச் சில நாட்களுக்குள் அடக்கியதும் இந்த அறிவின் தொடர்ச்சியே.

போர்ப் பணம் இருந்ததால்தானே இதெல்லாம் முடிந்தது என்று கேட்கலாம். முதல் உலகப் போரில் நேச நாடுகள் பயன்படுத்திய வெடிமருந்தில் சுமார் 40 சதவீதம் டுபாண்டுடையது. அந்த லாபத்தை மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. ஆனால் அதே பணத்தோடு சாயத் தொழிலில் இறங்கியபோது கோடிக்கணக்கான டாலர் கரைந்தது. ஜெர்மன் வேதியியலர்களை வரவழைக்க வேண்டியிருந்தது. பணம் மட்டும் போதுமென்றால் அந்தத் திணறல் வந்திருக்காது. உடனடிப் பயனை எதிர்பாராத அடிப்படை ஆய்வுக்கு 1927இல் டுபாண்டின் வேதியியல் துறைத் தலைவர் சார்லஸ் ஸ்டைன் நிறுவனத்திடம் நிதி கேட்டுப் பெற்றார். மறு ஆண்டே ஹார்வர்டிலிருந்து வேதியியலர் வாலஸ் கரோதர்ஸ் வந்தார்; 1935இல் நைலான் பிறந்தது.

இதைவிடக் கடுமையான மறுப்பு ஒன்று உண்டு. டுபாண்டின் ஒட்டாப் பூச்சான டெஃப்லான் தயாரிப்பில் பயன்பட்ட பி.எஃப்.ஓ.ஏ. என்ற வேதிப்பொருள், மேற்கு வர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பர்க் அருகிலுள்ள ஆலையிலிருந்து குடிநீரில் கலந்தது. 1984இல் நிறுவனமே நீரைச் சோதித்து அதை அறிந்தது. அறிவு அங்கே குறைவாக இல்லை. கண்டறிந்ததை ஆலைச் சுவருக்குள் வைத்துக்கொண்டார்கள். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்துத்தான் ஊராருக்கு உண்மை தெரிந்தது. நோயுற்றவர்கள் தொடுத்த வழக்குகளுக்காக 2017இல் ஒப்புக்கொண்ட இழப்பீடு 67.1 கோடி டாலர். சோதனைக் குழாயைக் கையில் ஏந்தி அந்த நீரை முதலில் ஆராய்ந்தவர்கள், உங்களைப் போல் வேதியியல் கற்றவர்களே.