பங்கிடாத வெள்ளி

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வீரர் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுபவர் வாளேந்திய ஒருவரே. அலெக்ஸாந்தர், ஹானிபால், சீஸர் எனச் சரித்திர நூல்கள் அடுக்கும் பெயர்கள் பெரும்பாலும் போர்க்களத்துப் பெயர்களே. பள்ளியிற் பயிலும் சிறுவரும், எவ்வாண்டில் எப்போர், வென்றவர் யார், தோற்றவர் யார் என்பனவற்றையே நெட்டுருச் செய்கின்றனர். ஆயினும், சில போர்களின் முடிவு களத்திலன்று, அதற்குச் சில ஆண்டுகட்கு முன்னரே, மக்கள் கூடிய ஓர் அவையிலே விதைக்கப்பட்டுவிடுகின்றது. அத்தகைய ஓர் அவையையும், ஆங்கு எழுந்து நின்று கேட்போர்க்கு இனிக்காத சொல்லைத் துணிந்து கூறிய ஒருவனையும் பற்றியே இன்று பேசக் கருதினேன். அவ்வூர் கிரேக்க நாட்டு ஏதென்ஸ். அவன் பெயர் தெமிஸ்டோக்ளிஸ்.

கி. மு. 490-இல் மாரதான் வெளியில் பாரசீகப் பெரும்படையை ஏதென்ஸ் நகரத்தார் முறியடித்தனர். பகை ஒழிந்தது என்று பலரும் மகிழ்ந்திருக்க, இஃது இனி வரவிருக்கும் பெரும் போருக்குத் தொடக்கமே என்று தெமிஸ்டோக்ளிஸ் எண்ணினான் என்பர் புளூட்டார்க் என்னும் ஆசிரியர்.

ஏதென்ஸ் நாட்டின் தென்கோடியில் லாரியம் என்னுமிடத்தில் வெள்ளிச் சுரங்கங்கள் இருந்தன. கி. மு. 483-ஐ ஒட்டி ஆங்கே வளமிக்க வெள்ளிப் படிவொன்று வெளிப்பட்டது. நகரத்தின் பொதுக் கருவூலம் நிரம்பிற்று. குடிமக்களுள் ஒவ்வொருவர்க்கும் 10 திராக்மா வீதம் அதனைப் பங்கிட்டளிப்பதென்பது அவையின் கருத்தாயிருந்தது. 10 திராக்மா என்பது உழைத்துண்ணும் ஏழைக்குப் பல நாட் கூலி. அதனை விரும்பியவரைப் பேராசைக்காரர் என்று பழித்தல் தகாது. வீட்டில் அடுப்பெரிய வேண்டியவர்க்குக் கையிலுள்ள காசே கண்கண்ட துணை.

பொதுப்பொருளை இவ்வாறு பங்கிடுதல் புதிய வழக்கமும் அன்று. சிப்னாஸ் என்னும் தீவினர் தம் பொன், வெள்ளிச் சுரங்கங்களின் வருவாயை ஆண்டுதோறும் பகிர்ந்துகொண்டு வாழ்ந்தனர் என்று ஹெரடோட்டஸ் எழுதியுள்ளார். பின் நேர்ந்தது யாது? சேமாஸ் தீவிலிருந்து கப்பல்களில் வந்தோர் 10 தாலந்து கடன் கேட்டனர். சிப்னாஸ் மக்கள் மறுத்தனர். வந்தோர் அந்நாட்டைப் பாழாக்கி, எதிர்த்தோரை வென்று, 100 தாலந்தைப் பெற்றுச் சென்றனர். ஒரு தாலந்து 6,000 திராக்மாவாகும். செல்வம் இருந்தது, அதனைக் காக்கும் வலிமை இல்லை.

தெமிஸ்டோக்ளிஸ் அவையில் எழுந்து, இவ்வெள்ளியைப் பங்கிடவேண்டா, போர்க்கப்பல்கள் கட்டுவோம் என்றான். தொலைவிலுள்ள பாரசீகத்தைக் காட்டி அவன் அச்சுறுத்தவில்லை. கண்ணுக்கெட்டிய தொலைவிலிருந்த ஈஜினா தீவுடன் அப்பொழுது நிகழ்ந்துகொண்டிருந்த பகையையே காரணமாகக் காட்டினான். மக்கள் இசைந்தனர். கட்டிய கப்பல்கள் 200 என்பர் ஹெரடோட்டஸ். 100 என்பாரும் உளர். எங்ஙனமாயினும், மூன்றாண்டுகட்குப்பின் பகைவர் வந்தபோது ஏதென்ஸிடம் 200 கப்பல்கள் இருந்தன.

கி. மு. 480-இல் பாரசீக மன்னன் ஜெர்க்ஸஸ், ஹெலஸ்பான்ட் கடலிடுக்கில் படகுப்பாலம் அமைத்துப் பெரும்படையுடன் கிரேக்க நாட்டிற் புகுந்தான். ஏதென்ஸ் மக்கள் தம் மனைவி மக்களை அயலூர்கட்கு அனுப்பிவிட்டு, ஊரைத் துறந்து கப்பலேறினர். பகைவர் நகரத்தைத் தீக்கிரையாக்கினர். இந்நிலையில் கிரேக்கக் கடற்படையிற் பாதிக்கு மேற்பட்ட கப்பல்கள் ஏதென்ஸினுடையனவாயிருந்தும், ஒற்றுமை குலையலாகாதெனத் தலைமையை ஸ்பார்ட்டாவின் யூரிபயாடிஸ் என்பவனுக்கு அவர்கள் விட்டுக்கொடுத்தனர். முன்பு தெமிஸ்டோக்ளிஸை எதிர்த்து நின்று, நகரத்தினின்றும் விலக்கப்பட்டிருந்த அரிஸ்டைடிஸ் என்பானும் திரும்பிவந்து, பழம்பகை மறந்து துணைநின்றான். சலாமிஸ் தீவின் குறுகிய நீரிடுக்கிலே பாரசீகக் கப்பல்கள் நெருக்குண்டு சிதைந்தன. கரைச்சரிவில் அமர்ந்து தன் வெற்றியைக் காணவந்த மன்னன் தன் தோல்வியையே கண்டான்.

அன்பர்களே! அக்கப்பல்களைச் செலுத்தியவர் யார் என்பதை எண்ணிப் பாருங்கள். மூன்று வரிசைத் துடுப்புக்களையுடைய அக்கப்பல் ஒவ்வொன்றிலும் துடுப்பு வலிப்போர் 170 பேர். குதிரையும் கவசமும் வாங்கப் பொருளில்லாத எளிய குடிமக்களே அவருட் பெரும்பாலோர். 10 திராக்மாவை இழந்த ஏழைக்கு அதனிற் பெரியதொன்று கிடைத்தது. நகரத்தைக் காக்கும் பணியில் ஓர் இருக்கை கிடைத்தது. நகரம் தம் தோள்வலியால் நிற்பதை உணர்ந்த அம்மக்களின் குரல் பின்னாளில் அவையிலும் ஓங்கிற்று. பங்கு மறுத்தமை நீதியாயிற்றெனின், அதற்குக் காரணம் இதுவே. பொதுப்பொருளைக் கொண்டு அமைத்ததில் எளியவர்க்கு இடமில்லையாயின், எம் பங்கைத் தாருங்கள் என்று அவர் கேட்பதில் தவறு யாது?

இதன் மறுபுறத்தையும் மறைத்தல் கூடாது. லாரியம் சுரங்கத்தின் இருளில் அவ்வெள்ளியை வெட்டியெடுத்தோர் அடிமைகள். அவர்க்குப் பங்குமில்லை, அவையில் இடமுமில்லை. ஏதென்ஸின் புகழில் இது நீங்காத கறை.

தெமிஸ்டோக்ளிஸுக்குக் கிடைத்த பரிசு யாது? சலாமிஸ் வெற்றிக்குச் சில ஆண்டுகள் சென்றபின், ஓட்டுத்துண்டுகளிற் பெயரெழுதி ஒருவனை நாடுகடத்தும் அந்நகர வழக்கப்படி, மக்கள் அவனையே வெளியேற்றினர். முடிவில் பாரசீக மன்னனையே அடைக்கலம் புகுந்து, மக்னீஷியா என்னும் அயலூரில் உயிர்நீத்தான். 1937-இல் அக்ரோபோலிஸ் குன்றின் வடசரிவிலுள்ள கிணறொன்றில், அவன் பெயர் பொறித்த ஓட்டுத்துண்டுகள் ஏறத்தாழ 190 கிடைத்தன. எழுத்தை ஆராய்ந்தோர், ஒரு சிலரே அவை அனைத்தையும் எழுதினர் எனக் கண்டனர். அவனை விலக்க விரும்பியோர் முன்னரே எழுதி ஆயத்தமாக வைத்திருந்தனர் போலும்!

பொதுநிதியைக் காக்கும் பொறுப்பேற்போர் இவ்விரண்டையும் நினைவிற் கொள்வாராக. சேர்ந்த பொருளைப் பங்கிட்டால் சின்னாளிற் கரையும். ஒன்றாக்கிப் பயன்படுத்தினால் ஓர் ஊரையே காக்கும். ஆனால், அவ்வாறு அமைக்கும் கப்பல் எதுவாயினும், அதில் ஏழையின் பிள்ளை அமர ஓரிருக்கை முதலில் வேண்டும். அதனை அமைத்தவர்க்கு நன்றி கிடைப்பினும் கிடைக்கும், கிடையாதொழியினும் ஒழியும். கப்பல் மிதந்தாற் போதும் என்று எண்ணுபவரே அப்பணிக்கு உரியவர்.