மூன்று வினாடிகள்



மருத்துவம் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் வலைப்பந்தாட்டம் பற்றிப் பேசுகிறேன். இரண்டும் அவ்வளவு தூரமில்லை.

புன்னாலைக்கட்டுவன் தர்ஜினி சிவலிங்கத்தை எல்லோருக்கும் தெரியும். 2018இல் சிங்கப்பூரில் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோது அணியில் இருந்தவர். 'அந்த உயரம் இருந்தால் போதும்தானே' என்பார்கள். உயரம் பந்தைக் கைக்குக் கொண்டுவரும், உண்மைதான். வளையமோ 3.05 மீற்றர் உயரத்தில், பின்பலகை இல்லாமல் நிற்கிறது. பந்து கைக்கு வந்து மூன்று வினாடிக்குள் எறிய வேண்டும். முதல் நிமிடத்திலும் அறுபதாவது நிமிடத்திலும் அதே மூன்று வினாடிதான்.

கனடிய ஆய்வாளர் ஜோன் விக்கர்ஸ் 1996இல் கூடைப்பந்து வீராங்கனைகளின் கண்ணசைவைப் பதிந்து பார்த்தார். குறி தவறாதவர்கள், எறியுமுன்னரே வளையத்தில் ஓரிடத்தில் பார்வையைக் கூடிய நேரம் நிறுத்தினார்கள். 'மனத்தை ஒருமுகப்படுத்து' என்றால் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. 'வளையத்தில் ஒரு புள்ளியைப் பார்' என்றால் செய்வாள். கோட்டுக்கு வெளியே நின்று நாங்கள் 'விட்டிடாதை!' என்று கத்தினால் தன் கையைப் பற்றி யோசிக்கத் தொடங்குவாள். பழகிய கை அப்போதுதான் தடுமாறும்.

சாதாரண தரப் பரீட்சை வருகிறது என்றதும் வீட்டில் முதலில் நிறுத்துவது மாலைப் பயிற்சியைத்தான். ரியூசன் நிற்பதில்லை. பிறகு, நெஞ்சு படபடக்குது, படித்தது மறந்து போகுது என்று பிள்ளையை என்னிடம் கூட்டி வருகிறார்கள். தவறிய பந்தை விட்டுவிட்டு அடுத்த பந்துக்குத் திரும்ப நாங்கள் பழகியது இந்த மைதானத்தில். பரீட்சை வருடத்திலும் வாரத்தில் இரண்டு மாலையாவது பிள்ளைகளை இங்கே விடுங்கள். தாய்மாராக இருக்கும் உங்களிடம்தான் கேட்கிறேன்.