வாசல் வரை ஆகும் நேரம்: பக்கவாதக் கருத்தரங்கின் தலைமை உரை



பக்கவாதத்தைப் பற்றிய கருத்தரங்கைக் கோவை உக்கடத்தில் நடத்த முடிவெடுத்த அமைப்பாளர்களுக்கு முதலில் என் நன்றி. பொள்ளாச்சி, பழனி, பாலக்காடு பேருந்துகள் வந்து நிற்கும் இடம் இது. மீன் மார்க்கெட்டில் பொழுது விடியும் முன்பே சுமை இறங்கிவிடும். பக்கவாதம் அதிகமாகத் தாக்குவதும் காலை ஆறு மணிக்கும் நண்பகலுக்கும் இடையில்தான். அந்த நேரத்தில் இங்கே ஒருவருக்குக் கைகால் விழுந்தால், முதலில் பார்ப்பவர் நரம்பியல் நிபுணர் அல்லர். டீக்கடைக்காரர், கண்டக்டர், ஆட்டோ ஓட்டுநர், கூடச் சுமை தூக்கியவர். இந்த நோயின் சிகிச்சை அவர்கள் கையில்தான் தொடங்குகிறது. நான் இன்று சொல்ல வந்ததும் இதுதான்.

சிகிச்சை வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1984 அக்டோபரில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சிறுநீரகக் கோளாறோடு சென்னை அப்பல்லோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார், பக்கவாதமும் தாக்கியது. அமெரிக்காவின் புரூக்ளின் வரை கொண்டுபோனார்கள். உயிர் மீண்டது, தேர்தலிலும் வென்றார். பழைய பேச்சு மட்டும் கடைசி வரை முழுதாகத் திரும்பவில்லை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் அடைப்பைக் கரைக்கும் சிகிச்சை அன்று உலகில் எங்குமே வழக்கத்தில் இல்லை. அறிகுறி தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள், அடைப்பைக் கரைக்கும் ஆல்டிப்ளேஸ் ஊசி போட்டால் ஊனம் குறையும் என்று அமெரிக்க ஆய்வொன்று 1995இல் காட்டியது. அந்த எல்லையை நாலரை மணி நேரமாக நீட்டியது 2008இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு. பெரிய குழாயில் சிக்கிய ரத்தக்கட்டியைத் தொடை வழியாகக் கருவி செலுத்தி எடுப்பது பலன் தரும் என்று 2015இல் பல ஆய்வுகள் உறுதிசெய்தன. தேர்ந்தெடுத்த சில நோயாளிகளுக்கு 24 மணி நேரம் வரை அதைச் செய்யலாம் என்பது 2018இல் தெளிவானது.

அன்று முதலமைச்சருக்கே கிடைக்காத மருந்து, இன்று உக்கடத்துச் சுமைத் தொழிலாளிக்குத் திருச்சி சாலை அரசு மருத்துவமனையில் கிடைக்கக்கூடியது. இங்கிருந்து அது கூப்பிடு தூரம். ஆனால் நேரத்தோடு போய்ச் சேர வேண்டும். பெருங்குழாய் அடைபட்ட மூளையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று நரம்பியல் நிபுணர் ஜெஃப்ரி சேவர் 2006இல் கணக்கிட்டார். பொதுவாக ஊசிக்கு நாலரை மணி நேரம் என்பது கடைசி எல்லை. அதற்குள் எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு மூளை மிஞ்சும்.

பிறகு ஏன் தாமதம்? மாரடைப்பு வலிக்கும், அந்த வலியே ஆளை ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்துவிடும். அடைப்பால் வரும் பக்கவாதம் பெரும்பாலும் வலிப்பதில்லை. போதாக்குறைக்கு, மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்ட சிலருக்குத் தன் இடக்கை விழுந்திருப்பதே தெரியாது. “எனக்கு ஒண்ணுமில்லீங்க” என்று அவர் சொல்வது பொய்யல்ல. அறிய வேண்டிய மூளையே அடிபட்டிருக்கிறது. இந்த நோயில் நோயாளியின் சொல்லைவிடப் பக்கத்தில் இருப்பவரின் கண்ணுக்குத்தான் மதிப்பு அதிகம்.

அந்தக் கண் எதைப் பார்க்க வேண்டும்? சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லுங்கள். ஒரு கை தானாகத் தாழ்கிறதா? ஊர்ப் பெயரையோ வீட்டு விலாசத்தையோ சொல்லச் சொல்லுங்கள். நாக்குக் குழறுகிறதா, சம்பந்தமில்லாமல் பேசுகிறாரா? திடீரென்று கண் மங்குவதும், நிற்க முடியாமல் ஒரு பக்கம் சாய்வதும், இதுவரை கண்டிராத கடும் தலைவலியும் இதே வரிசையில் சேரும். எல்லாவற்றுக்கும் பொதுவானது ‘திடீரென்று’ என்பது. ஒன்று இருந்தாலே போதும், 108 ஊர்தியைக் கூப்பிடுங்கள்.

பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டதா? அப்போதும் போக வேண்டும். வந்து மறைந்த அந்தத் தாக்குதலுக்குப் பின் வரும் இரண்டு நாட்களில்தான் பெரிய தாக்குதலுக்கான ஆபத்து மிக அதிகம்.

நம் ஊரில் அந்த முதல் மணி நேரம் எங்கே போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். கிறுகிறுப்பு என்று சோடா வாங்கித் தருவார்கள். விழுங்கும் திறன் கெட்டிருந்தால் அது நுரையீரலுக்குள் போகும். “கொஞ்ச நேரம் படுத்தா சரியாயிரும்” என்பார்கள். கையில் எண்ணெய் தேய்ப்பார்கள், புறா ரத்தம் தடவுவதும் உண்டு. கோளாறு கையில் இல்லை, மண்டைக்குள் இருக்கிறது. விவரம் தெரிந்தவர் ஆஸ்பிரின் கொடுப்பார். வந்தது அடைப்பா, ரத்தக்கசிவா என்று சி.டி. ஸ்கேன் எடுக்காமல் எந்த நிபுணராலும் அறுதியிட முடியாது. கசிவில் ஆஸ்பிரின் கேடு செய்யும். ரத்த அழுத்த மாத்திரையையும் வீட்டில் கொடுத்துவிடக் கூடாது. 2024 ஆகஸ்டில் திறந்த உக்கடம் மேம்பாலத்தில் நாம் மிச்சம் பிடித்த நிமிடங்களையெல்லாம் திண்ணையிலேயே தொலைத்துவிடுகிறோம்.

ஸ்கேன் இல்லாத கிளினிக்குகளில் ஏறி இறங்குவதும் நேரத்தைத் தின்கிறது. கூட வருபவர் மூன்றே காரியம் செய்தால் போதும்: நோயாளி கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று நினைவில் கொள்வது, அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துவருவது, ஊர்தியில் ஏறும்போதே “பக்கவாதம் மாதிரி இருக்கிறது” என்று சொல்லிவிடுவது.

குற்றத்தை மக்கள் மேல் மட்டும் போட்டுவிட்டு நாம் தப்பிக்க முடியாது. நோயாளி வாசலில் நுழைந்து 60 நிமிடத்துக்குள் ஊசி போட்டிருக்க வேண்டும் என்பது உலகம் ஏற்ற இலக்கு. பதிவுச் சீட்டு, ஸ்கேன் அறை, கையெழுத்து என்று அந்த ஒரு மணி நேரம் கரையும் இடங்களை நாமே எழுதிப் பார்க்க வேண்டும். வால்பாறையையும் மறக்கக் கூடாது. பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோமீட்டர், நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். எஸ்டேட் தொழிலாளியின் நாலரை மணி நேரத்தில் பெரும்பங்கு மலைப்பாதையிலேயே தீர்ந்துவிடும். இதே சிக்கல் இருந்த ஹிமாச்சலப் பிரதேசம், மாவட்ட மருத்துவமனை மருத்துவர்களைக் கைபேசி வழியே நரம்பியல் நிபுணர்களோடு இணைத்து, அங்கேயே ஊசி போடும் திட்டத்தை 2014இல் தொடங்கியது. ஆனைமலைக்கும் அது பொருந்துமா என்று இங்கே பேசுங்கள்.

தடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 22 நாடுகளில் நடந்து 2010இல் வெளியான இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வு, பத்துக் காரணங்களே பக்கவாத ஆபத்தில் ஏறத்தாழ 90 சதவீதத்துக்குப் பொறுப்பு என்றது. முதலில் நிற்பது உயர் ரத்த அழுத்தம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் அதற்கான மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. வாங்கியதை விழுங்க வைப்பதுதான் மிச்சமுள்ள வேலை.

விழிப்புணர்வு என்றவுடன் துண்டறிக்கை அச்சடிப்பது நம் வழக்கம். பக்கவாதம் வந்து மீண்டவர்களுக்குக் காணொலி, குறுஞ்செய்தி, கையேடு மூலம் பாடம் சொன்ன ‘ஸ்பிரின்ட் இந்தியா’ ஆய்வு 31 மருத்துவமனைகளில் நடந்தது. அடுத்த தாக்குதல்கள் அதனால் குறையவில்லை என்று 2023இல் முடிவு வெளியானது. தகவல் சொல்வதோடு வேலை முடியாது; செய்து பழக வேண்டும் என்பதே அதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம்.

ஆகவே இந்த அவைக்கு இரண்டு கோரிக்கைகள். ஒவ்வொரு பக்கவாத நோயாளிக்கும் முதல் அறிகுறியிலிருந்து ஊசி வரையான நேரத்தைக் கட்டம் கட்டமாகக் குறித்து, எங்கே தாமதமானது என்பதைக் கொங்கு மாவட்டங்கள் அளவில் தொகுத்து வெளியிடுங்கள். பேருந்து நிலையம், மீன் மார்க்கெட், ஆட்டோ நிறுத்தம், மருந்துக்கடை ஆகிய இடங்களில் இருப்பவர்களுக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டு நகராதீர்கள். முகம், கை, பேச்சு மூன்றையும் எதிரில் நிற்பவரிடம் சோதித்துப் பார்க்கவும், 108இல் என்ன சொல்ல வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவும் பழக்குங்கள்.

ஆய்வாளர்களின் கட்டுரைகள் இந்த இரண்டுக்கும் வழி காட்டும் என்ற நம்பிக்கையோடு கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். இன்று வீட்டுக்குப் போனதும் அந்த மூன்று சோதனைகளையும் உங்கள் வீட்டில் ஒருவருக்காவது கற்றுக்கொடுங்கள். உங்களுக்கே பக்கவாதம் வந்தால் அதைக் கண்டுபிடிக்க வேண்டியவர் அவர்தான்.