ஒழுகும் லயத்துக்குப் பொறுப்பாளி யார்?

தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கியதும், சப்ரகமுவ மாகாணத்துத் தோட்ட லயங்களில் பானையும் வாளியும் அடுப்படியை விட்டுப் படுக்கையருகே வந்துவிடுகின்றன. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அம்மழையைத் தாங்க வேண்டியவை, பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகளை வரிசையாகச் சேர்த்து ஆங்கிலேயர் காலத்தில் எழுப்பிய லயங்களாகும்.

லயத்துக்குக் கூரை ஒன்று. இரு குடும்பங்களுக்கு நடுவே சுவரும் ஒன்று. ஒரு வீட்டுத் தகரம் துருவேறினால் அடுத்த வீட்டுச் சுவரும் நனைகிறது. பின்புறக் கான் அடைபட்டால் நிலத்தின் ஈரம் சுவரில் ஏறுகிறது. காற்றோட்டம் குறைந்த அறையில் அது உலர்வதில்லை, பூஞ்சணம் படர்கிறது. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீட்டில் வாழ்வோர்க்குத் தொய்வும் மூச்சுத் தொல்லையும் மிகுமென உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது.

இதனைச் செப்பனிடும் கடமை யாருடையது? இலங்கையில் வாடகை உறவுக்கு அடிப்படையான உரோம ஒல்லாந்தச் சட்டம், வீட்டை வாழத்தக்க நிலையில் பேணும் பொறுப்பை உரிமையாளர்மீது வைக்கிறது. குடியிருப்பவர் வீட்டைக் கவனமாகப் பயன்படுத்தல் வேண்டும். தாம் விளைத்த சேதத்துக்குத் தாமே பொறுப்பாவார். நகரத்து வாடகைக்காரர் பற்றுச்சீட்டைக் காட்டி இதனைக் கேட்கலாம். லயத்தில் வாழ்பவரிடமோ வாடகைச் சீட்டுமில்லை, காணி உறுதியுமில்லை. அவரது இருப்பிடம் தொழிலோடு சேர்ந்து வந்தது.

எனினும் கடமை அங்கும் இருந்தது. லயங்களையும் அவற்றின் சுற்றாடலையும் சுகாதார நிலையில் பேணுதலை, 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்ட அத்தியட்சகரின் கடமையாக்கியது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றுட் பெரும்பாலானவை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்துக்குச் சென்றன. வீடமைப்புப் பணியில் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும் சேர்ந்தது. பொறுப்பேற்போர் பலரானபோது, ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவதும் எளிதாயிற்று. இதற்கிடையில் தொழிலாளி தம் சம்பளத்தில் தகரம் வாங்கி வேய்கிறார். அத்தகரம் வீட்டை அவருக்கு உரிமையாக்குவதில்லை.

ஆகவே, எது எவர் பணியென்று பிரித்தறிதல் நலம். கூரையும் பொதுச் சுவரும் பின்மேட்டுக் கானும் ஒரு குடும்பம் தனித்துத் திருத்த இயலாதவை; அவற்றைத் திருத்துதல் உடைமையையும் நிர்வாகத்தையும் கொண்டோரின் பணி. கானிற் குப்பை கொட்டாதிருத்தல், மழை ஓய்ந்த வேளையிற் கதவு திறந்து காற்றை விடுதல், ஒழுக்கைத் தாமதமின்றி அறிவித்தல் ஆகியன குடியிருப்போர் பணி. அறிவித்தலும் வாய்ச்சொல்லாக நின்றுவிடலாகாது. திகதியிட்டு எழுதி, லயத்தார் அனைவரும் ஒப்பமிட்டு, பிரதியொன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்வது நன்று.

பின்மேட்டில் வெடிப்போ, சுவரிற் புதிய பிளவோ தோன்றினால், அது திருத்த வேலைக்குக் காத்திருக்கும் நேரமன்று. 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டத்துப் புளத்கொஹுபிட்டியவில் மண்சரிவு தோட்ட லயங்களைப் புதைத்து உயிர்களைக் கொண்டது. வீட்டைவிட்டு அகன்று கிராம உத்தியோகத்தருக்கு அறிவித்தலே அப்போது முதற் கடமை.

லயங்களுக்குப் பதிலாகத் தனி வீடுகள் அமைந்த ஊர்களை உருவாக்கும் நோக்குடன், பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபை 2018ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்டது. தன் பெயரில் உறுதி பெற்ற குடும்பம் தன் கூரையைத் தானே காத்துக்கொள்ளும். அந்த உறுதி கைக்கு வரும்வரை, ஒழுக்கை அடைக்கும் பொறுப்பு உடைமையை வைத்திருப்போரிடமே நிற்கிறது.